பிரிந்த உறுப்பும் தனித்த கோடும்: மங்கா வழி மீயதார்த்த ஓவிய நூல்களின் ஈர்ப்பும் கம்பம் பள்ளத்தாக்கின் காட்சி மரபும்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானிய வரைகதையாகிய மங்காவின் வழிவந்த மீயதார்த்த ஓவியங்களும் அவற்றைத் தொகுத்துத் தரும் ஓவிய நூல்களும் தமிழ் இளைஞரிடையே ஈர்ப்புப் பெற்று வருகின்றன. இவ்வீர்ப்பினை அயல்மோகம் என்னும் ஒற்றைச் சொல்லால் விளக்கிவிடும் போக்கு உண்டு. தேனி மாவட்டத்தையும் அதன் தென்மேற்கே விரியும் கம்பம் பள்ளத்தாக்கையும் களமாகக் கொண்டு நோக்கும்போது அவ்விளக்கம் போதாதென்பது புலனாகிறது. உடலினின்றும் பிரிந்த உறுப்பு தனியே உயிர்பெறுதல் என்னும் படிமம் இப்பகுதியின் வழிபாட்டிலும் தொன்மத்திலும், தமிழ்ச் சித்திரக்கதை வாசிப்பிலும் முன்பே வேரூன்றியது. மங்கா அப்படிமத்தின் நிலைத்த பொருளை அவிழ்த்துவிடுகிறது. ஓவிய நூல் அதனை நின்று பார்க்கும் நேரத்தைத் தருகிறது. ஈர்ப்பின் காரணம் இவ்விரண்டின் சேர்க்கையே என்பதையும், பள்ளத்தாக்கின் சொந்தப் படிமங்கள் இன்னும் நூலாகாத நிலையையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: மங்கா, மீயதார்த்தம், ஓவிய நூல், கோட்டோவியம், கம்பம் பள்ளத்தாக்கு, கண்ணகி, வீரபாண்டி, இரும்புக்கை மாயாவி

முன்னுரை

2025ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் 'டீமன் ஸ்லேயர்' தொடரின் திரைப்படம் ஒன்று தமிழ்க் குரலுடன் திரையரங்குகளில் வெளியானது. ஜப்பானிய வரைகதையொன்றிலிருந்து பிறந்த படைப்பு, தமிழ் பேசிக்கொண்டு மாவட்ட நகரங்களை எட்டும் நிலை உருவாகிவிட்டதற்கு இது ஒரு சான்று. திரையில் கண்டதைத் தாளில் தேடுவோர் வரைகதைத் தொகுதிகளுக்கும், அங்கிருந்து ஓவிய நூல்களுக்கும் செல்கின்றனர். கதையே இல்லாத, பக்கந்தோறும் ஒரு விசித்திர உருவம் மட்டுமே நிற்கும் நூலைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர் எதைக் காண்கிறார் என்பது தமிழ்க் காட்சிப் பண்பாட்டு ஆய்வு எழுப்பவேண்டிய வினா.

இவ்வினாவைச் சென்னை போன்ற பெருநகரில் வைத்து எழுப்பினால் சந்தை, விளம்பரம், நகர்சார் வாழ்க்கை ஆகியவை விடையாக முன்வந்து நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் வயலும் திராட்சைத் தோட்டமும் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கில் வைத்து எழுப்பினால், அப்படங்களைச் சந்திக்கும் கண் எத்தகைய படிமங்களில் முன்னமே பழகியது என்பது தெளிவாகும். ஆதலால் இக்கட்டுரை இப்பகுதியைக் களமாகக் கொள்கிறது.

சொல்லும் வரையறையும்

'மங்கா' என்பது ஜப்பானிய மொழியில் வரைகதையைக் குறிக்கும் பொதுச்சொல். இச்சொல்லை உலகறியச் செய்தவற்றுள் முதன்மையானது ஹொகுசாயின் 'ஹொகுசாய் மங்கா' என்னும் வரிசை. 1814இல் அதன் முதல் தொகுதி வெளிவந்தது. மொத்தம் 15 தொகுதிகள். அதில் தொடர்கதை ஏதுமில்லை. மனிதர், விலங்கு, அலை, பேய், தொழிற்கருவி என அனைத்தும் கோட்டுருவங்களாக அடுக்கப்பட்டிருக்கும். ஓவியம் பயில்வோர் பார்த்து வரைவதற்கான நூல் அது. எனவே இன்று நாம் ஓவிய நூல் என வழங்குவது மங்காவின் பின்விளைவன்று. அச்சொல்லின் வரலாற்றுத் தொடக்கத்திலேயே அது இருக்கிறது. அதற்கும் முன்னர், 1776இல், தொரியாமா செகியென் நாட்டார் நம்பிக்கையில் வழங்கிய பேயுருவங்களைத் தொகுத்து ஒரு படநூல் வெளியிட்டிருந்தார்.

சர்ரியலிசம் எனப் பரவலாக அறியப்படும் மீயதார்த்தம் 1924இல் ஆந்த்ரே பிரெத்தோன் வெளியிட்ட அறிக்கையோடு இயக்கமாக உருப்பெற்றது. கனவின் தருக்கத்தைக் கலையின் தருக்கமாக ஏற்பது அதன் அடிப்படை. நன்கறிந்த பொருளை அதன் இடத்திலிருந்து பெயர்த்து அறியாத இடத்தில் வைப்பது, அளவை மாற்றுவது, பொருந்தாதவற்றை இணைப்பது ஆகியவை அதன் உத்திகள். மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1934இல் வெளியிட்ட படத்தொகுப்பு நாவல் இங்குக் கருதத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் மலிவு நாவல்களிலிருந்த படங்களை வெட்டி ஒட்டி, சொற்கதை இல்லாத புதிய நூலொன்றை அவர் ஆக்கினார். எறியப்படவிருந்த படம் நூலாகிப் புதுவாழ்வு பெறும் இச்செயலுக்குத் தமிழிலும் ஓர் இணை உண்டு. அது பின்னர்க் காட்டப்பெறும்.

பள்ளத்தாக்கின் படிமங்கள்

சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் இடமுலையைத் திருகி எறிய, மதுரை எரிகிறது. பின்னர் அவள் வையைக் கரைவழியே மேற்குநோக்கி நடந்து மலையேறி, வேங்கை மர நிழலில் நின்று விண்ணேகுகிறாள். கூடலூரை அடுத்த மலைமேல், தமிழகக் கேரள எல்லையில் அமைந்த மங்கலதேவி கோட்டத்தை அந்த இடமாகவே இப்பகுதி மக்கள் போற்றுகின்றனர். ஆண்டுக்கொருமுறை சித்திரை முழுநிலவு நாளில் அங்கு வழிபாடு நிகழ்கிறது. பளியங்குடி வழியாகக் காட்டுப்பாதையில் மக்கள் நடந்தேறுகின்றனர். அவர்கள் காணச்செல்லும் தெய்வம், தன் உடலின் ஓர் உறுப்பைத் தானே பிரித்து அதனைத் தீயாக்கிய பெண். உறுப்பு உடலை நீங்கியபின் உடலைவிடப் பெரிய ஆற்றல் பெறுகிறது.

பள்ளத்தாக்கின் மறுமுனையில், தேனியை ஒட்டி முல்லையாற்றங்கரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் உள்ளது. பார்வையிழந்த வீரபாண்டிய மன்னன் கௌமாரியம்மனையும் கண்ணீசுவரமுடையாரையும் வழிபட்டுப் பார்வையை மீளப் பெற்றான் என்பது தலவரலாறு. சித்திரைத் திருவிழாவில் நேர்த்திக்கடனாகத் தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுக்கப்படுகின்றன. உடலெங்கும் துளையிட்ட அப்பானை 'கண்' என்னும் சொல்லாலேயே பெயர்பெற்றது. தமிழகத்து அம்மன் கோயில்கள் பலவற்றில் கண்நோய் தீர்ந்தவர்கள் வெள்ளியில் செய்த கண்மலரைக் காணிக்கையாக இடுவதும், கை, கால் முதலிய உருவாரங்களைச் செலுத்துவதும் வழக்கம். முகமில்லாக் கண், உடலில்லாக் கை, ஆயிரம் கண்ணுடைய மண்பாண்டம் ஆகியவை இப்பகுதியில் வளரும் குழந்தைக்கு இளமையிலேயே பழகிய காட்சிகள்.

இவற்றை மீயதார்த்தம் என்று அழைத்தல் பொருந்தாது. கண்மலருக்குத் தெளிவான பொருள் உண்டு: நோய் வந்தது, வேண்டினேன், தீர்ந்தது, தருகிறேன். கண்ணகியின் முலைக்கும் காப்பிய நீதியில் ஓர் இடம் உண்டு. சடங்கு படிமத்தின் பொருளைக் கட்டிக்காக்கிறது. எனினும் பொருள் ஒருபுறமிருக்க, உருவம் கண்ணில் தங்கிவிடுகிறது.

அந்தரத்தில் நின்ற கை

தமிழ்ச் சித்திரக்கதை வாசிப்பின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றும் இதே படிமத்தைச் சுமந்து வந்தது. தேனிக்கு அண்டை மாவட்டமாகிய விருதுநகரின் சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1962 முதல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் வந்த கதை அது. ஸ்பானிய ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோவின் கோட்டோவியங்கள் அதற்கு உயிர் தந்தன. விபத்தில் கையிழந்து இரும்புக்கை பொருத்தப்பெற்ற நாயகன் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோவான். இரும்புக்கை மட்டும் மறையாது. கட்டங்களில் வாசகர் கண்டது அந்தரத்தில் மிதந்து செல்லும் ஒற்றைக் கையைத்தான்.

இக்கதையின் பேரேற்பினைத் துப்பறியும் சுவை கொண்டு மட்டும் விளக்க இயலாது. நாயகனின் முகத்தைவிட அக்கையே வாசகர் நினைவில் நிலைத்தது. ஆசிரியர் ஆங்கிலேயர், ஓவியர் ஸ்பானியர், அச்சு சிவகாசியுடையது, மொழி தமிழ். இத்தனை கைகள் மாறி வந்த ஒரு படம் தமிழ் வாசகருக்கு அந்நியமாகத் தோன்றாமைக்கு, உடலில்லாக் கையை அவர்கள் வேறிடத்தில் முன்பே கண்டிருந்தது ஒரு காரணமாகலாம். மங்காவுக்கு முன்னரே, வெளிநாட்டுக் கோட்டோவியம் தமிழ் வாசகரின் கண்ணில் இடம்பிடித்த வழி இது.

ஜப்பானிய இணைகள்

மங்காவின் பெரும்படைப்புகள் சிலவற்றை இப்பின்னணியில் வைத்து நோக்கினால் ஒப்புமை வெளிப்படை.

ஒசாமு தெசூகாவின் 'டொரொரோ' 1967இல் தொடங்கியது. அதிகாரம் வேண்டிய தந்தை, பிறக்கவிருக்கும் மகனின் உடலை 48 பேய்களுக்கு ஈடாகத் தருகிறான். 48 உறுப்புகள் இன்றிப் பிறந்த அப்பிள்ளை செயற்கை உறுப்புகளோடு வளர்ந்து, ஒவ்வொரு பேயாக வென்று ஒவ்வோர் உறுப்பாக மீட்கிறான். நேர்த்திக்கடனின் தலைகீழ் வடிவம் இது. அங்கு உறுப்பு நலம்பெற்றமைக்கு நன்றியாக அதன் உருவம் தெய்வத்துக்குத் தரப்படுகிறது. இங்குப் பேய்க்குத் தரப்பட்ட உறுப்பு போரிட்டுத் திரும்பப் பெறப்படுகிறது.

ஷிகெரு மிசுகியின் கிதாரோ கதைகளில் நாயகனின் தந்தை ஒரு கண்விழி. உடல் அழிந்த பின்னும் மகனைக் காக்கவேண்டி அக்கண்மட்டும் உயிர்பெற்று, சிறு கைகால்கள் முளைத்து, மகனின் தலைமுடிக்குள் வாழ்கிறது. அச்சமூட்டவேண்டிய உருவம் அன்பூட்டுகிறது.

யொஷிஹாரு சுகேயின் 'நெஜிஷிகி' 1968இல் 'காரோ' இதழில் வெளிவந்தது. 1964இல் தொடங்கப்பெற்ற அவ்விதழ் வணிகச் சட்டகத்துக்கு அடங்காத வரைகதைகளுக்கு இடந்தந்த ஒன்று. ஜெல்லி மீன் கடித்துக் குருதிக்குழாய் அறுந்த இளைஞன் ஒருவன், அறுந்த முனையை மறுகையால் பிடித்தபடி ஒரு கடலோர ஊரில் மருத்துவரைத் தேடி அலைகிறான். அவன் காண்பதோ வரிசை வரிசையாகக் கண் மருத்துவமனைப் பலகைகள். ஒவ்வொன்றிலும் தீட்டப்பட்ட பெருங்கண். கண்கள் நிறைந்த தெருவில் காயமுற்ற கைக்கு மருந்தில்லை. இறுதியில் அவன் கையில் ஒரு திருகுகுழாய் பொருத்தப்படுகிறது. கதை அவ்வளவே, விளக்கம் தரப்படுவதில்லை.

பொருள் அவிழ்தல்

மேற்கண்ட மூன்று படைப்புகளையும் பள்ளத்தாக்கின் படிமங்களோடு ஒப்பிட்டால், ஒற்றுமை உருவத்திலும் வேற்றுமை பொருளிலும் இருப்பதை அறியலாம். கண்மலரைக் காண்பவருக்கு அதன் பொருள் முன்கூட்டியே தெரியும். சுகேயின் கண் பலகையைக் காண்பவருக்குப் பொருள் தரப்படுவதில்லை, தேடவேண்டியுள்ளது. பழகிய உருவம் பழகாத அமைதியோடு எதிரே வந்து நிற்கிறது.

இளம்பருவத்தினருக்கு இது ஏன் ஈர்ப்புடையதாகிறது என்பதும் இங்கேயே விளங்கும். சடங்கின் பொருள் குடும்பத்துக்கும் ஊருக்கும் உரியது. தனியொருவர் அதனை மாற்ற இயலாது. விளக்கமற்ற ஓவியமோ பார்ப்பவரின் அச்சத்துக்கும் வெட்கத்துக்கும் விருப்பத்துக்கும் இடந்தருகிறது. தன் உடல் தனக்கே அந்நியமாகத் தோன்றும் வயதில், உறுப்புகள் தம்போக்கில் திரியும் படம் சொல்லவியலாத ஒன்றைச் சொல்லிவிடுகிறது. வாய்விட்டுக் கூற வேண்டிய கட்டாயமும் அதில் இல்லை. மீயதார்த்தப் படம் ஒருவகை மறைமொழியாகப் பயன்படுகிறது எனலாம்.

கோட்டின் ஆற்றல்

உருவத்துக்கு அடுத்து ஈர்ப்பது கோடு. மங்கா பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் மலிவான தாளில் அச்சாகும் வார, மாத இதழ்களில் வளர்ந்தது. வண்ணத்தின் துணையின்றி ஒளி, விரைவு, அச்சம், மௌனம் அனைத்தையும் கோடே தரவேண்டிய கட்டாயம் அக்கலையை நுட்பமாக்கியது. தமிழ் இதழ் ஓவியமும் இதே கட்டாயத்தில் வளர்ந்ததே. கோபுலுவின் நகைச்சுவைச் சித்திரமும், சில்பியின் கோயிற் சிற்பக் கோட்டோவியமும், கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஆதிமூலம் தந்த முரட்டுக் கீற்றுகளும் கறுப்பு மையில் எத்தனை குரல் உண்டென்பதைக் காட்டியவை. ஆதலால் மங்காவின் கோட்டை வாசிக்கும் பயிற்சி தமிழ் வாசகருக்குப் புதிதன்று.

கோடு பற்றிய இன்னொரு பயிற்சி வாசலில் கிடைக்கிறது. புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் சிக்குக்கோலத்தின் கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முடியவேண்டும், முடிந்தால் நிறைவு. ஜுன்ஜி இத்தோவின் 'உசுமாகி' 1998இல் தொடராக வரத் தொடங்கியது. ஒரு சிற்றூரைச் சுருள்வடிவம் பிடித்தாட்டும் கதை அது. நத்தை ஓட்டில், புகையில், நீரில், கூந்தலில், இறுதியில் மனித உடலில் சுருள் பரவுகிறது. இங்குப் பேய் என ஓர் உருவம் இல்லை; கோடே பேய். கோலத்தின் கோடு மூடிக்கொண்டு வீட்டைக் காக்கிறது. இத்தோவின் கோடு மூடாமல் உள்ளிழுத்துக்கொண்டே போகிறது. நாள்தோறும் வளைகோட்டை நம்பி வாழும் பண்பாட்டில் வளர்ந்தவருக்கு இவ்வச்சம் கூடுதல் கூர்மையுடன் தைக்கும்.

நூலாதல்

வரைகதையைப் படிக்கும்போது கண் ஓடுகிறது. அடுத்த கட்டம் அழைக்கிறது. அதே ஓவியர் வரைந்த ஒற்றைப் படம் ஓவிய நூலில் முழுப்பக்கத்தில் நிற்கும்போது கண் தங்குகிறது. இத்தோவின் ஓவியத் தொகுப்பு 2020இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது, கதைகளைப் படித்து முடித்தவர்களும் அதை நாடியமைக்கு இதுவே காரணமாகலாம். கதையில் ஒரு நொடியில் கடந்த உருவத்தை இங்கு எத்துணை நேரமும் பார்க்கலாம். மை எங்குத் தடித்தது, எங்கு மெலிந்தது, வெற்றிடம் எவ்வளவு விடப்பட்டது என்பவை அப்போதுதான் தெரியும்.

ஜப்பானியப் பதிப்புலகில் இது மூன்று படிகளாக அமைகிறது. முதற்படி படித்துவிட்டு எறியத்தக்க இதழ். அடுத்தது அத்தொடரைச் சேர்த்த தொகுதி. மூன்றாவது ஓவியரின் பெயரால் வரும் ஓவிய நூல். முதற்படியில் படம் கதைக்கு ஊழியம் செய்கிறது. மூன்றாம்படியில் ஓவியர் ஆசிரியராகிறார்.

தமிழில் முதற்படி வலுவாக இருந்தது. பிற படிகள் பெரும்பாலும் கதாசிரியருக்கே வாய்த்தன. தொடர் நூலாகும்போது அதன் படங்கள் பல வேளைகளில் விடுபட்டன. இக்குறையை உணர்ந்து தீர்த்துக்கொண்டவர்கள் வாசகர்களே. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' தொடரை மணியம் ஓவியங்களோடு வாரந்தோறும் கிழித்தெடுத்து, அடுக்கி, தைத்து, பைண்டிங் செய்து வைத்த குடும்பங்கள் தமிழகமெங்கும் இருந்தன. அச்சு நூல் கடையில் கிடைத்த பிறகும் அப்பைண்டிங் பிரதிகளைக் கைவிடாமைக்குப் படங்களே காரணம். பழைய இதழைக் கத்தரித்து எர்ன்ஸ்ட் நூல் ஆக்கியதை முன்னர்க் கண்டோம். தமிழ் வாசகரும் கத்தரிக்கோலும் ஊசிநூலும் கொண்டு ஓவிய நூலைத் தாமே படைத்திருக்கின்றனர். எனவே ஓவிய நூல்மீதான விருப்பம் ஜப்பானிலிருந்து இறக்குமதியான ஒன்றன்று. அவ்விருப்பத்துக்கு ஈடுதரும் பண்டம் மட்டுமே அங்கிருந்து வருகிறது.

பதிப்பாளர் முயற்சிகளும் இல்லாமலில்லை. சில்பியின் 'தென்னாட்டுச் செல்வங்கள்' விகடன் பிரசுரத்தால் நூலாக்கப்பட்டது. ட்ராட்ஸ்கி மருது 'வாளோர் ஆடும் அமலை' என்னும் ஓவிய நூலைத் தந்தார். 1994இல் சென்னையில் தொடங்கப்பெற்ற தாரா புக்ஸ், கோண்டு பழங்குடி ஓவியர்களின் மர ஓவியங்களைக் கறுப்புத் தாளில் கையால் அச்சிட்டு 2006இல் வெளியிட்ட நூல் 2008இல் போலோனியா நூற்கண்காட்சியின் விருதினைப் பெற்றது. அந்நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூலொன்றில் பஜ்ஜு ஷியாம் தாம் கண்ட இலண்டனை வரைந்துள்ளார். அங்கு மணிக்கூண்டு சேவலாகவும் பேருந்து நாயாகவும் உருமாறுகின்றன. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2010இல் 'குமரி லவ்ஸ் எ மான்ஸ்டர்' என்னும் படநூலை வெளியிட்டது. மாத நாவல் அட்டைகளால் அறியப்பட்ட ஷியாமின் தூரிகையில், தமிழ்க் குமரிகள் பூதங்களோடு காதல் புரிகின்றனர். மலிவு அட்டையின் கலைஞர் நூலின் கலைஞரானது தமிழில் நடக்கக்கூடியதே என்பதை இது மெய்ப்பித்தது. ஆயினும் இவை தனித்தனி முயற்சிகளாகவே நிற்கின்றன.

கல்விக்கூடமாகும் நூல்

இக்குறை தேனி போன்ற மாவட்டத்தை மிகுதியாகத் தாக்குகிறது. அரசு கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ளன. போடியிலோ சின்னமனூரிலோ வரையும் கையுடன் பிறந்த ஒருவருக்கு அவை தொலைவு. குடும்பத்தின் பொருள்நிலை அத்தொலைவை இன்னும் நீட்டும். அவருக்கு ஓவிய நூலே ஆசிரியர். ஹொகுசாய் மங்கா தன் காலத்தில் ஆற்றிய பணியும் அதுவே. ஒரு கோட்டை நூறுமுறை பார்த்து நூறுமுறை போட்டுப் பழக நூல் வேண்டும். கைபேசித் திரையில் நகர்ந்து மறையும் படம் இப்பயிற்சிக்கு எளிதில் இடந்தராது.

மாவட்டந்தோறும் அரசு ஆதரவில் நடைபெறும் புத்தகத் திருவிழாக்களும், 2023 ஜூலை 15 அன்று மதுரையில் திறக்கப்பெற்ற கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இத்தகைய வாசகருக்கான வாயில்கள். அவ்வாயில்களில் அவர் எந்த ஓவிய நூலைச் சந்திக்கிறார் என்பது பண்பாட்டு வினா. கிடைப்பன அனைத்தும் ஜப்பானியக் கையாக இருந்தால் அவர் கையும் அவ்வழியே பழகும். பழிக்கவேண்டியது அவருடைய விருப்பத்தையன்று. அவர்முன் வைக்கப்படாத நூல்களையே எண்ணிப் பார்க்கவேண்டும்.

போலச்செய்தல் என்னும் ஐயம்

மங்கா வழிச் செல்லும் தமிழ் ஓவியர் பெருங்கண்களையும் கூர்முடியையும் படியெடுப்பதோடு நின்றுவிடுவர் என்னும் ஐயம் புறந்தள்ளத்தக்கதன்று. எனினும் கலை வரலாற்றில் தூய ஊற்று என ஒன்றைக் காண்பது அரிது. தெசூகாவே டிஸ்னி படங்களிலிருந்து கற்றவர். ஹொகுசாய் மேலைநாட்டுத் தொலைவுத்தோற்ற முறையை அறிந்து கையாண்டவர். கடன் பெறுதல் குற்றமாகாது. கடன்பெற்ற கண் தன் ஊரைத் திரும்பிப் பார்க்கிறதா என்பதே அளவுகோல். பஜ்ஜு ஷியாம் இலண்டனைக் கோண்டுக் கண்ணால் கண்டார். மங்காவின் கோட்டால் முல்லையாற்றைக் காணும் ஓவியர் எழுவாரெனில் அப்போது கடன் முதலாகிவிடும்.

இவ்வகையில் மிசுகியின் வாழ்வு ஒரு முன்மாதிரி. அவர் வளர்ந்த சகாய்மினாத்தோ, தொத்தோரி மாநிலத்தைச் சேர்ந்த சிறு துறைமுக ஊர். இளமையில் 'நோன்னோன்பா' என்றழைக்கப்பட்ட மூதாட்டி ஒருவர் அவருக்குப் பேய்க்கதைகள் சொன்னார். போரில் இடக்கையை இழந்து திரும்பிய மிசுகி, எஞ்சிய கையால் அக்கதைகளின் உருவங்களை ஆயிரக்கணக்கான பக்கங்களில் வரைந்தார். அம்மூதாட்டியைப் பற்றிய வரைகதை 2007இல் பிரான்சின் அங்குலேம் விழாவில் சிறந்த நூலுக்கான பரிசு பெற்றது. இன்று அவ்வூரின் தெருவொன்றில் அவர் படைத்த உருவங்களின் வெண்கலச் சிலைகள் 170க்கும் மேல் நிற்கின்றன. சொன்னவர் ஒரு கிழவி; வரைந்தவர் ஒரு கையர்; நூலானது ஓர் ஊரின் நினைவு.

ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. மிசுகி வரைந்தவை பெரும்பாலும் கதைப்பேய்கள். கௌமாரியும் கண்ணகியும் வாழும் வழிபாட்டுக்குரியோர். அவர்களை விளையாட்டுருவமாக்கும் உரிமை ஓவியருக்கு எளிதில் கிட்டாது, கிட்டவேண்டியதுமில்லை. ஆனால் பள்ளத்தாக்கில் வரையத்தக்கவை தெய்வவுருவங்கள் மட்டுமல்ல. 1895இல் கட்டி முடிக்கப்பெற்ற பெரியாறு அணையால், மேற்கே ஓடவேண்டிய ஆறு மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டது. 1959இல் திறக்கப்பெற்ற வைகை அணையின் நீருக்கடியில் ஊர்கள் மூழ்கின. அத்துயரை வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' சொல்லில் வடித்து 2003இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. மலைக்குள் நுழையும் ஆறும் நீருக்குள் கிடக்கும் தெருவும் கற்பனை ஓவியர் கண்ட கனவுகளல்ல, இம்மண்ணின் நடப்பு. அவற்றைக் கோட்டில் வடித்த ஓவிய நூலே இன்னும் வேண்டப்படுவது.

முடிவுரை

மங்கா வழி மீயதார்த்த ஓவிய நூல்களின் ஈர்ப்பு மூன்று அடுக்குகளைக் கொண்டது என்பது இவ்வாய்வின் துணிபு. உருவம் பழகியது, கண்ணகி முதல் இரும்புக்கை மாயாவி வரை பிரிந்த உறுப்பின் ஆற்றலைத் தமிழ்க்கண் அறியும். பொருள் பழகாதது, சடங்கு கட்டிவைத்ததை ஓவியம் அவிழ்த்து, பார்ப்பவரின் தனிவாழ்வுக்கு இடந்தருகிறது. வடிவம் நெடுநாள் விரும்பப்பட்டது; பைண்டிங் செய்த தொடர்களின் வழியே தமிழ் வாசகர் ஓவிய நூலைத் தாமே ஆக்கி வந்தவர்.

இம்மூன்றும் உண்மையெனின், ஜப்பானிய நூலை விரும்பும் பள்ளத்தாக்கு இளைஞர் தம் மரபை விட்டு விலகிச் செல்பவராகார். தம் மரபில் உருவமாக இருந்து நூலாக வாராத ஒன்றை அவர் வேறிடத்தில் கண்டெடுக்கிறார். பரண்களில் எஞ்சியுள்ள பைண்டிங் தொகுதிகளை எடைக்குப் போகுமுன் மாவட்ட நூலகங்கள் கேட்டுப் பெறுதல், இதழ் ஓவியர்களின் மூலப்படங்களைத் தேடித் தொகுத்தல், வட்டாரக் கதைசொல்லிகளையும் இளம் ஓவியர்களையும் ஒரே நூலில் இணைத்தல் ஆகியவை உடனடியாகச் செய்யத்தக்கன. அச்சுக்கலையில் பெயர்பெற்ற சிவகாசி அண்டையிலேயே உள்ளது. ஆயிரங்கண் பானையைத் தோளில் சுமந்து வருபவரின் பேரப்பிள்ளைகள் வரையக் காத்திருக்கின்றனர். அவர்கள் கையில் முதலில் எட்டவேண்டியது தம் ஊரை வரைந்த ஒரு நூல்.